சோடியம் வாசல்

மணி ஒன்பது பத்துக்கு நிறைமதி திரும்பிப் பார்க்காமல் பள்ளிக்கூடத்துக்குள் போய்விட்டாள். இசக்கியம்மாள் அதற்குத் தயாராக வரவில்லை. அழுவாள், சேலையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்பாள், அப்போது என்ன சொல்ல வேண்டும், விரலை எப்படிப் பிரிக்க வேண்டும் என்றெல்லாம் ஒரு வாரமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். பிள்ளையோ கேட்டுக்கு உள்ளே மணலில் கிடந்த சிவப்பு வாளியைப் பார்த்தது, கையை உருவிக்கொண்டது, போய்விட்டது. சொல்லாமல் மிஞ்சிய வார்த்தைகளை என்ன செய்வதென்று தெரியாமல் அவள் ஜெபக்கனி மிஸ்ஸிடம் திரும்பினாள். தட்டச்சு செய்து பிளாஸ்டிக் உறை போட்ட தாளை நீட்டி, வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் வைக்கக் கூடாது, ஐந்து நிமிடம் தாண்டினால் இந்த மருந்தை மூக்கில் அடிக்க வேண்டும், உடம்பு சூடாகவே விடக் கூடாது, ஈரத்துணி இதோ இந்த டப்பாவில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாக ஆரம்பித்தாள். மிஸ் தாளை வாங்கவில்லை. "இதே தாள நீங்க போன வாரமே தந்துட்டீங்க. ரெண்டு தடவ படிச்சிட்டேன். எனக்கும் ஆயாவுக்கும் மனப்பாடம். பன்னெண்டு மணிக்கு வாங்க, போதும்" என்றார். கேட் மூடியது. பன்னிரண்டு மணிக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. இசக்கி வீட்டுக்குப் போகவில்லை. தெருவைக் கடந்து எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையின் பெஞ்சில், கேட் கண்ணில் படுகிற மாதிரி, மடிக்கணினிப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

பாளையங்கோட்டையில் ஆனி மாதக் காற்று குற்றாலத்துப் பக்கமிருந்து புழுதியை வாரிக்கொண்டு வந்தது, நின்றது, மறுபடி வந்தது. காற்று நின்றால் வெயில் சுடுகிறது. நின்ற ஒவ்வொரு முறையும் அவள் தன் புறங்கையைத் தொட்டுப் பார்த்தாள், அது மகளின் நெற்றி என்பதுபோல. உள்ளே மின்விசிறி ஓடுகிறது, வகுப்புக்கு இரண்டு, அவளே போய் எண்ணிப் பார்த்திருக்கிறாள், ஆனால் மின்விசிறியின் நிழல் சுவரில் வெட்டி வெட்டி ஓடினால் அதுவும் ஆகாது, ஜன்னல் எந்தப் பக்கம், கிழக்கா, கிழக்கென்றால் பத்து மணி வரை வெளிச்சம் நேரே அடிக்கும். கடைக்குள் ஜெராக்ஸ் மெஷினின் மூடிக்கு அடியில் வெளிச்சம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குச் சர்ரென்று ஓடியது, அதையும் அவள் எதிரியைப் போலப் பார்த்தாள். உலகத்தில் இத்தனை விஷயம் பிள்ளையைத் தொடக் காத்திருக்கிறது என்பது மூன்றரை வருஷத்துக்கு முன்னால் அவளுக்குத் தெரியாது. வெந்நீர். காய்ச்சல். பஸ்ஸில் போகும்போது மரங்களுக்கு நடுவே வெட்டி வரும் வெயில். சந்தோஷம்கூட. மிகவும் சிரித்தாலும் வரும் என்று மருத்துவர் சொன்ன நாளிலிருந்து, அவள் கணவன் சொரிமுத்து மகளைத் தூக்கிப் போட்டுப் பிடிப்பதை நிறுத்திவிட்டான், இவளும் கிச்சுக்கிச்சு மூட்டுவதை விட்டுவிட்டாள், பிள்ளை சிரிக்க ஆரம்பித்தால் போதும் போதும் என்று சொல்லி அடக்குகிற தாயாக ஆகியிருந்தாள். அடுப்பைச் சின்னதாக்குவது மாதிரி. ஆனாலும் இப்போது அறுபத்தொன்று, என்று நினைக்கப் போனவள் அந்த எண்ணை அப்படியே நிறுத்தினாள். கடைசியாக வந்து எத்தனை நாள் என்பதை முழுசாக நினைக்கக் கூடாது. விலங்கியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறவள், கண்ணேறை நம்பாதவள், ஒரு எண்ணை நினைக்கப் பயப்படுகிறாள். அவளுக்கே சிரிப்பாக இருந்தது. ஆனாலும் நினைக்கவில்லை. காலண்டரில் இருக்கட்டும், அங்கே அது பத்திரமாக இருக்கும்.

முதல் தடவை வந்தது வெந்நீரில்தான். ஆறு மாதப் பிள்ளை, காலை நீட்டி உட்கார்ந்து மடியில் குப்புறப் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள், பச்சைப்பயறு மாவின் வாசனை, முதுகில் வழியும் தண்ணீர், திடீரென்று அந்தச் சின்ன உடம்பின் வலது பக்கம் மட்டும் வெட்டி வெட்டி இழுத்தது. என்னுடைய கைதான் அந்தத் தண்ணீரை ஊற்றியது. இந்த வாக்கியம் வந்தால் அடுத்ததும் வரும், இரண்டும் ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு வருபவை, என்னுடைய கைதான் அந்த மாத்திரையையும் கொடுத்தது. முதலில் பார்த்த ஊரின் பெயரோ மருத்துவரின் முகமோ அவளுக்கு இப்போது முக்கியமில்லை. அவர் எல்லா வலிப்புக்கும் எல்லோரும் கொடுப்பதைக் கொடுத்தார், காரணம் அப்போது யாருக்கும் தெரியாது. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, நசுக்கி, வாழைப்பழத்துக்குள் வைத்து, பிள்ளை துப்பினால் வழித்து மறுபடி ஊட்டி. ஐந்து மாதம். மாதத்துக்கு ஒன்றாக இருந்தது வாரத்துக்கு மூன்றாக ஆனது. ஒரு நாள் நாற்பது நிமிடம் நிற்காமல் இழுத்தது. ஆம்புலன்ஸின் தகரச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அவள் அந்த நாற்பது நிமிடத்தையும் பார்த்தாள். பிறகுதான் மதுரையில் ரத்தம் எடுத்து மரபணுச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்தபோது தாளின் மேலே இருந்த பெயரைப் பார்த்துவிட்டு அவள் மருத்துவமனை நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கூட வந்த சொரிமுத்து, "என்ன, ரொம்ப மோசமா?" என்று கேட்டான். மோசமா இல்லையா என்பதற்கெல்லாம் அவள் இன்னும் போகவில்லை. எஸ்.சி.என்.ஒன்.ஏ. அன்று காலை கிளம்பும்போது அவள் மூடி வைத்துவிட்டு வந்த மடிக்கணினியில் திறந்திருந்த பெயர் அதுதான். மகளிடம் பழுதாகியிருந்த அதே மரபணுவை, அவள் இரண்டு வருஷமாக நியூட்டில் எழுத்தெழுத்தாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

நியூட் என்றால் யாருக்கும் தெரியாது. மாமனார் அதை நியூட்டன் என்றே கேட்டுக்கொண்டு, மருமகள் பௌதிகம் படிப்பதாக ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். பார்க்கப் பல்லி மாதிரி, உறவில் தவளைக்குச் சொந்தம், தண்ணீரிலும் கரையிலும் இருக்கும், சொரசொரத்த பழுப்பு முதுகும் ஆரஞ்சு வயிறும். அமெரிக்காவின் மேற்குக் கரையில் மழைக்காட்டுக் குட்டைகளில் இருக்கிற ஒரு வகையின் தோலில், பல பேரைக் கொல்லப் போதுமான விஷம் இருக்கிறது. நம் கடலில் பந்துபோல உப்பிக்கொள்ளும் பேத்தை மீனிடம் இருக்கிற அதே விஷம். இசக்கி இதுவரை ஒரு நியூட்டைக்கூட உயிரோடு பார்த்ததில்லை. அவளுக்கு அது திரையில் மாறி மாறி ஓடும் மரபணுவின் நான்கு எழுத்துகள் மட்டும்தான், மற்றவர்கள் எங்கோ குட்டையில் இறங்கிப் பிடித்து, வாசித்து, உலகத்துக்குப் பொதுவாகப் போட்டு வைத்த எழுத்துகள். நரம்பின் தோலில் குட்டி வாசல்கள் இருக்கின்றன, சோடியம் அந்த வாசல் வழியாக உள்ளே பாய்ந்தால்தான் நரம்பு பேசும், தசை அசையும், மூச்சு வரும். நியூட்டின் விஷம் அந்த வாசலில் பாட்டில் வாயில் தக்கை மாதிரி போய் உட்கார்ந்துவிடும். நியூட்டைத் தின்ற பிராணி விழுந்துவிடும். ஆனால் அந்த விஷத்தை உடம்பு முழுக்கச் சுமக்கிற நியூட்டுக்கும் அதே வாசல்கள்தானே இருக்கின்றன, அது ஏன் விழவில்லை என்பதுதான் கேள்வி. வாசலின் வாயில் ஓரிரண்டு எழுத்து மாறியிருக்கிறது, அதனால் தக்கை பொருந்தவில்லை, அவ்வளவுதான் பதில். அவ்வளவுதான் என்று எழுதிவிடலாம். ஓர் எழுத்து மாறி நியூட் பிழைத்தது. ஓர் எழுத்து மாறி நிறைமதியிடம் வாக்கியம் பாதியிலேயே நின்றுபோனது, மரபணுவுக்கு இரண்டு பிரதி, ஒரு பிரதி வாசலைக் கட்டுகிறது, இன்னொரு பிரதி பாதியில் நின்றுவிடுகிறது. அந்த மாத்திரை, வாழைப்பழத்துக்குள் வைத்துக் கொடுத்த அந்த மாத்திரை, செய்ததும் வாசலை அடைக்கிற வேலைதான். மற்றவர்களுக்கு அது மருந்து. பாதி வாசல் மட்டுமே உள்ள பிள்ளைக்கு, மிச்சமிருந்ததையும் சாத்திய கை. ஒரு நாளைக்கு இரண்டு, மாதத்துக்கு அறுபது, ஐந்து மாதத்துக்கு. அவள் பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு பெருக்குவதை நிறுத்தினாள்.

யார் பக்கத்திலிருந்து வந்தது என்று வீட்டில் கேட்டார்கள். யாரும் சத்தமாகக் கேட்கவில்லை, ஆனால் மாமியார் தன் அண்ணன் தம்பி பிள்ளைகளின் பெயரையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லி, எங்க பக்கம் யாருக்கும் இல்லையே என்று முடித்தபோது அது கேள்விதான். பெற்றவர்கள் இருவரின் ரத்தத்தையும் சோதித்தார்கள். இருவரிடமும் இல்லை. பிள்ளையிடம்தான் புதிதாக மாறியிருக்கிறது. வாசல் கணக்கோடு சேர்த்து இதைச் சொரிமுத்துவிடம் சொன்னாள். மின்வாரியத்தில் லைன்மேன், எதையும் கம்பியாகவும் கம்பமாகவும் யோசித்துத்தான் அவனுக்குப் பழக்கம். "அப்ப மூளையில கரண்ட் கூடிப்போவுதுங்காங்க. வாசல் கொறஞ்சா கரண்டும் கொறையத்தானே செய்யணும்?" என்று கேட்டான். அவள் ஆய்வகத்தில்கூட யாரும் இவ்வளவு நேராகக் கேட்டதில்லை. அடக்குகிற நரம்புகள் என்று ஒரு கூட்டம் இருக்கிறது, இந்த வாசல் அவற்றுக்குத்தான் ரொம்ப முக்கியம், அவை சோர்ந்துபோனால் மற்றவையெல்லாம் கட்டுப்பாடில்லாமல் கத்த ஆரம்பிக்கும் என்று விளக்கினாள். அவன் தலையாட்டினான். "கரண்ட்டுல கோளாறில்ல. கூடுனா கட் பண்ணுத டிரிப்பர்தான் வேலை செய்யல." பிறகு, "டிரிப்பர் போன லைன்லயும் நாங்க வேலை பாக்கத்தான் செய்யுதோம். கண்ண எடுக்காம பாக்கணும், அவ்வளவுதான்" என்றான். அன்றிலிருந்து இரண்டு பேரும் கண்ணை எடுக்கவில்லை. அந்தக் கண்ணை எடுக்காததில்தான் அவளுடைய ஆய்வு நின்றது. மூன்று வருஷம். செப்டம்பரில் பதிவுக்காலம் முடிகிறது, கடைசி அத்தியாயம் பாதியில் கிடக்கிறது. நெறியாளர் தனசிங் சார் போனில் திட்டவில்லை, "எது முந்திங்கிற கேள்விக்கு நீங்க இன்னும் பதில் எழுதலம்மா" என்று மட்டும் சொன்னார்.

எது முந்தி. விஷம் முந்தி வந்தால், தாங்கும் பலம் இல்லாத நியூட் தன் விஷத்திலேயே செத்திருக்கும், வம்சமே முடிந்திருக்கும். தாங்கும் பலம் முந்தி வந்தது என்றால், இல்லாத விஷத்துக்கு எதற்குப் பலம்? இந்த இடத்தில் எப்போதும் போல அவள் மனசு செருப்பு அறுந்தது மாதிரி நின்றது. பின் மெல்ல நகர்ந்தது. ஒரே நாளில் நடந்ததென்று நினைப்பதால்தான் கஷ்டம். விஷம் கொஞ்சமே உள்ள சொந்தக்கார வகைகளைப் பார், தசைக்கு ஒன்று, இதயத்துக்கு ஒன்று, மூளைக்குச் சில என்று வாசல் கட்டும் மரபணுக்கள் ஆறு, அவற்றில் சிலவற்றில் முன்பே ஏதோ சின்ன மாற்றம் இருக்கிறது, முழுசாகத் தாங்காது, கொஞ்சம் தாங்கும். கொஞ்சம் தாங்குவதால் விஷம் கொஞ்சம் கூடலாம். கூடிய விஷம் இன்னும் கொஞ்சம் தாங்குபவற்றை மிச்சம் வைக்கும். இப்படிக் கைமாற்றிக் கைமாற்றி. ஒரு வாசல் மட்டும் தாங்கினால் போதாது, தசை அசைந்து மூளை அணைந்தால் என்ன பிரயோசனம், ஆறும் தாங்க வேண்டும், ஆறிலும் அந்த எழுத்து தனித்தனியாகத் தற்செயலாக மாற வேண்டுமென்றால் யுகம் போதாது. அங்கேதான் அவளுக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இருக்கிறது. ஆறில் மூன்று மரபணுக்கள் பக்கத்தில் பக்கத்தில் குடியிருக்கின்றன. ஒன்றில் மாறிய துண்டு அப்படியே பக்கத்து மரபணுவில் படியெடுக்கப்பட்டிருக்கிறது. உறைக்குக் கொஞ்சம் மோர் கேட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போவது மாதிரி. தன் வீட்டில் முதலிலிருந்து எல்லாம் உண்டாக வேண்டியதில்லை, பக்கத்து வீட்டில் தோய்ந்தது இங்கேயும் தோயும். இதை முதலில் கண்டுபிடித்தது அவள் இல்லை, அவளுக்கு முன்னால் வேறு சிலர் கண்டு எழுதிவிட்டார்கள். ஆனால் அந்த ஒட்டுத் துண்டின் ஓரங்கள் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகின்றன என்று அவள் இன்னும் சில வகைகளில் தேடிக்கொண்டிருந்தாள், ஓரிடத்தில் தையல் தெரிவதுபோலத் தெரிந்தும் இருந்தது, அன்று மாலைதான் பிள்ளைக்கு நாற்பது நிமிடம் இழுத்தது. அதற்குப் பிறகு அந்தக் கோப்பைத் திறக்கவில்லை. திறந்தால் அந்த மாலை உள்ளேயிருந்து வந்துவிடும் என்று ஒரு பயம். மடியில் பை கனத்தது. திறக்கலாமா என்று ஜிப்பில் கை வைத்தபோதுதான், எதிரே பள்ளிக்கூடத்திலிருந்து வந்துகொண்டிருந்த சத்தம் நின்றுவிட்டது அவளுக்கு உறைத்தது.

பிள்ளைகள் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தால் பரவாயில்லை. இது கத்தரித்தது மாதிரி நின்றது. மணி பத்து நாற்பது. காற்றும் இல்லை. விழுந்துவிட்டாள், எல்லாப் பிள்ளையும் சுற்றி நின்று பார்க்கிறது, மிஸ் தாளைத் தேடுகிறார், மனப்பாடம் என்று சொன்னவர்களுக்கு அந்த நேரத்தில் எதுவும் ஞாபகம் வராது, ஆம்புலன்ஸில் எனக்கே என் பெயர் ஞாபகம் வரவில்லை, ஐந்து நிமிடம், எப்போது ஆரம்பித்தது, யார் கடிகாரம் பார்த்தார்கள். தெருவை எப்படிக் கடந்தாள் என்று தெரியவில்லை, ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டு விலகிப் போனது. கேட்டின் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தாள். முற்றத்துக் கூரைக்குக் கீழே பதினைந்து பதினாறு பிள்ளைகள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார்கள். ஜெபக்கனி மிஸ் ஒரு வாளியுடன் ஒவ்வொருவர் பின்னாலும் போய், துணியை நனைத்துப் பிழிந்து, பிடரியில் போட்டுக்கொண்டே வந்தார். துணி விழும் வரை யாரும் பேசக் கூடாது என்று சொல்லியிருந்தார் போல. துணி விழுந்த பிள்ளை ஹா என்று தோளைக் குலுக்கிக்கொண்டது, விழாதது உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தது. நிறைமதி எட்டாவதோ ஒன்பதாவதோ. அவள் கழுத்திலும் துணி இருந்தது. பக்கத்தில் இருந்த குண்டுப் பெண் தன் துணியை எடுத்துத் தலையில் முக்காடாகப் போட, நிறைமதி அதைப் பார்த்துத் தானும் போட்டுக்கொண்டாள். பிறகு இருவரும் ஒருவரையொருவர் பார்த்து, வயிறு குலுங்கச் சிரித்தார்கள். போதும் போதும் என்று இசக்கியின் வாய் தானாக அசைந்தது. சத்தம் வரவில்லை. கம்பியைப் பிடித்தபடி அவள் அந்தச் சிரிப்பு எங்கே போய் நிற்கிறதென்று பார்த்தாள். கண், வாயோரம், வலது கை, வலது கால், ஒவ்வொன்றாக. சிரிப்பு சிரிப்பாகவே போய், தேய்ந்து, ஒரு விக்கலில் முடிந்தது. பிள்ளை மூக்கைத் துடைத்துக்கொண்டது.

ஆயா பேச்சியம்மா குடத்தோடு கேட் பக்கம் வந்தவள் இவளைப் பார்த்துவிட்டாள். "என்னம்மா, இன்னும் இங்கனயே நிக்கியளா?" என்றாள். இசக்கி கம்பியை விடாமல் நின்றாள். எல்லாருக்கும் ஏன் ஈரத்துணி என்று கேட்டாள். "ஒங்க பிள்ளைக்கு மட்டும் போட்டா எடுத்து எறியுதா. நான் மட்டும் என்ன பாவம் பண்ணேம்ங்கிற மாதிரி ஒரு பார்வை. மிஸ்ஸு பாத்தாவ, வாங்க எல்லாருக்கும் போடுவோம்னுட்டாவ. இப்ப பாத்தா ஒண்ணும் கழத்த மாட்டேங்கு." பேச்சியம்மா குடத்தை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். "வெயில் நேரம் பாருங்க, எல்லாத்துக்கும் நல்லதுதானே. நாளையிலருந்து தெனமும் போடணும்னு மிஸ்ஸு சொல்லுதாவ. உள்ள வாரியளா, பாக்குதியளா?" இசக்கி உள்ளே பார்த்தாள். பிள்ளை இந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது, முக்காடு ஒரு காதில் தொங்கியது. உள்ளே போனால் ஓடி வரும். தூக்கிக்கொள்ளலாம், நெற்றியைத் தொட்டுப் பார்க்கலாம், பிறகு இறக்கி விட்டால் அழும், நாளைக்கும் அழும். "இல்லக்கா. பன்னெண்டு மணிக்கு வாரேன்" என்றாள். சொன்ன குரல் யாருடையதோ மாதிரி இருந்தது. கம்பியிலிருந்து விரல்களைப் பிரித்தாள். ஒரு வாரமாக ஒத்திகை பார்த்தது பிள்ளையின் விரலைப் பிரிக்க, தன்னுடையதைப் பற்றி அவள் யோசிக்கவே இல்லை.

பெஞ்சுக்குத் திரும்பவில்லை. கால்கள் தெரு முனைக்கு நடந்தன, அவளும் கூடப் போனாள். இருபது அடிக்கு ஒரு முறை திரும்பிப் பார்க்கத் தோன்றியது, இரண்டு முறை பார்த்தாள், மூன்றாவது முறை பார்க்காமலே வளைவு வந்துவிட்டது. வளைவுக்கு அப்பால் பள்ளிக்கூடம் தெரியாது. பயம் கூடவேதான் வந்தது, அது எங்கும் போகவில்லை, இனிமேலும் போகாது, வரும், இன்னொரு நாள் வரும், நாற்பது நிமிடம்கூட வரலாம், அதையெல்லாம் அவள் அறிவாள். ஆனால் அந்தப் பயத்தோடு கால் நடக்கிறது, மூச்சு வருகிறது, வயிறு பசிக்கிறது. காலையில் எதுவும் சாப்பிடவில்லை என்பதே இப்போதுதான் தெரிந்தது. டீக்கடையில் நிழலாக ஒரு ஸ்டூல் இருந்தது. உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்து, மூன்று வருஷமாகத் தொடாத அந்தக் கோப்பின் மேல் சொடுக்கினாள். அந்த மாலை உள்ளேயிருந்து வரவில்லை. எழுத்துகள்தான் வந்தன, வரிசை வரிசையாக, விட்ட இடத்திலேயே, தையல் மாதிரித் தெரிந்த இடத்தில் அவள் போட்டு வைத்த மஞ்சள் அடையாளத்தோடு. உண்மையிலேயே தையல்தானா என்று முகத்தைக் கிட்டே கொண்டுபோனபோது போன் அடித்தது. சொரிமுத்து.

"கம்பத்துல ஏறப் போறேன். அதுக்கு முந்தி ஒரு வார்த்த கேட்டுக்கிடுவோம்னு" என்றான். பின்னால் காற்றுச் சத்தம். "எங்க இருக்க? கேட்டுலயா?"

"இல்ல. தெரு முனையில. டீக்கடையில இருக்கேன்."

அந்தப் பக்கம் இடுப்பு பெல்ட்டின் கொக்கியைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. பிறகு அவன் மெதுவாக, "பிள்ள எங்க?" என்று கேட்டான்.

எத்தனையோ தாய்மார்கள் தினமும் எதையோ நறுக்கிக்கொண்டோ துணி காயப் போட்டுக்கொண்டோ யோசிக்காமல் சொல்லுகிற பதில்தான் அது. இசக்கியம்மாளுக்கு அது முதல் தடவை.

"பள்ளிக்கூடத்துல இருக்கா" என்றாள்.